ஜெர்மனியில் ஆஸ்பில்டுங்: பெட்டி கட்டுவதிலிருந்து முதல் ஆறு மாதம் வரை

பிளஸ் டூ முடித்து, பி1 அல்லது பி2 நிலை வரை ஜெர்மன் படித்து, செவிலியர் பயிற்சிக்கான ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் இப்போது தமிழ்நாட்டில் நிறைய பேர். அவர்களுக்காகவும், போய் இறங்கி இரண்டு வாரமாகி எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆஸ்பில்டுங் என்றால் சம்பளத்தோடு தொழில் பழகும் பயிற்சி. செவிலியர் ஆஸ்பில்டுங்கை மனதில் வைத்து எழுதினாலும் மெக்கட்ரானிக்ஸ், ஓட்டல், பேக்கரி என்று வேறு தொழில் பழகப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பில்டுங் மூன்று வருடம் என்றாலும் உங்கள் கணக்கு முதல் ஆறு மாதம்தான். செவிலியர் பயிற்சியில் ப்ரோபெட்சைட் எனப்படும் தகுதிகாண் காலம் 6 மாதம். மற்ற பெரும்பாலான தொழில்களில் 1 முதல் 4 மாதம். அந்தக் காலத்துக்குள் காரணம் சொல்லாமலே, முன்னறிவிப்பு இல்லாமலே நிர்வாகம் உங்களை அனுப்பிவிடலாம், நீங்களும் விலகலாம். அதைத் தாண்டிவிட்டால் நிர்வாகத்தால் அவ்வளவு சுலபமாக உங்களை நீக்க முடியாது. உங்கள் தங்கும் அனுமதி நிற்பதே அந்த ஒப்பந்தத்தின் மேல்தான். அதனால் இந்த ஆறு மாதத்தில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று குழப்பம் வந்தால், ப்ரோபெட்சைட்டைத் தாண்ட எது உதவுமோ அதை முதலில் செய்யுங்கள். பாரிஸ் பயணம் அடுத்த வருடம் போகலாம்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பெயர். நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. இனிஷியலோடு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஜெர்மன் படிவமோ குடும்பப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கேட்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஒரு அலுவலகம் ஒரு மாதிரி பதியும், இன்னொன்று வேறு மாதிரி பதியும். அப்புறம் வங்கியில் இருப்பவரும் காப்பீட்டில் இருப்பவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டும். நேரம் இருந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ், வங்கி, காப்பீடு எதிலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

தடுப்பூசி. ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1970க்குப் பிறகு பிறந்தவர் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்ய வேண்டுமானால் தட்டம்மைக்கு இரண்டு ஊசி போட்டதற்கோ எதிர்ப்புசக்தி இருப்பதற்கோ சான்று வேண்டும். சிறு வயதில் போட்ட அட்டை தொலைந்திருந்தால் இங்கேயே மறுபடி போட்டு, தேதி, ஊசியின் பெயர், மருத்துவர் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசியும் கேட்பார்கள்.

பல், கண் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அங்கே பொதுக் காப்பீடு, பார்வை மிக மோசமாக இருந்தால் தவிர, பெரியவர்களுக்குக் கண்ணாடிச் செலவு தராது. இரண்டு கண்ணாடி செய்து எடுத்துப் போவது நல்லது.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில் அம்மாக்களோடு ஒரு சண்டை நிச்சயம். சட்டம் இதுதான்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. அதாவது நெய், பால்கோவா, தயிரில் ஊறிய மோர்மிளகாய் எல்லாம் வெளியே. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள், அதனால் அவையும் வேண்டாம். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, பருப்பு வகை பிரச்சினையில்லை. வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி. உங்கள் அறைத்தோழர் அனுமதிப்பாரா என்பது வேறு கேள்வி.

பணம். முதல் சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் கையில் 1,200 முதல் 1,500 யூரோ இருந்தால் நிம்மதி. விடுதியை நிர்வாகமே கொடுத்து, வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது என்றால் இதைவிடக் குறைவாகவே போதும்.

ஏஜென்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாக் கட்டணம் 75 யூரோ. மொழி வகுப்பு, தேர்வு, ஆவண மொழிபெயர்ப்பு, விமானம் ஆகியவை நியாயமான செலவு. அதற்கு மேல் ஒருவர் "சீட்" வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் மருத்துவமனைகள், ஆள் சேர்க்கும் செலவைத் தாங்களே ஏற்பது அங்கே வழக்கம். பயிற்சி கொடுப்பதற்காகப் பயிலுநரிடம் பணம் வசூலிக்கும் ஒப்பந்த வாசகம் ஜெர்மன் சட்டப்படி செல்லாது. அரசே நடத்தும் மேக் இட் இன் ஜெர்மனி தளத்தில் எல்லா விவரமும் இலவசமாக இருக்கிறது.

படி 2: முதல் இரண்டு வாரம், காகிதம் மட்டும்

ஜெர்மனியில் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைத் திறக்கும். முதல் சாவி அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பியூர்கராம்ட் எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். எனவே ஊரில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, அப்புறம் நீங்கள் அந்த வீட்டில் குடியேறியதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்னும் தாள் ஆகியவை வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. விடுதியாக இருந்தால் விடுதி நிர்வாகம் தரும்.

பதிவின்போது உங்கள் மதம் என்ன என்று கேட்பார்கள். நம் ஊரில் படிவத்தில் மதம் எழுதுவது போல இதை நினைக்க வேண்டாம். இது வரிக்கான கேள்வி. கத்தோலிக்கர் என்றோ எவாங்கேலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்றோ பதிந்தால் தேவாலய வரி உண்டு. வருமான வரியில் 9 விழுக்காடு, பவேரியாவிலும் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க்கிலும் 8. பயிற்சிக்காலச் சம்பளத்தில் வருமான வரியே சொற்பம் என்பதால் இப்போது பெரிதாகத் தெரியாது. படிப்பு முடிந்து முழுச் சம்பளம் வாங்கும்போது தெரியும். கிறிஸ்தவ நண்பர்கள் தங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யட்டும், ஆனால் தெரிந்து முடிவு செய்யட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை.

அன்மெல்டுங் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய முதல் வேலை, தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். 11 இலக்க வரி எண்ணான ஸ்டாயர் ஐடி, வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் அழைப்பு எல்லாமே தபாலில்தான் வரும். ஸ்டாயர் ஐடி வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். சம்பளம் போடும் அலுவலகத்துக்கு அது இல்லையென்றால், முதல் மாதம் அதிக வரி பிடித்துவிட்டுப் பிறகு திருப்பித் தருவார்கள்.

அடுத்தது கிராங்கன்காஸே, பொது மருத்துவக் காப்பீடு. டிகே, ஏஓகே, பார்மர், டிஏகே என்று பல இருக்கின்றன. மருத்துவச் சலுகைகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. கட்டணம் சம்பளத்தில் பிடிக்கப்படும், ஏறக்குறைய பாதியை நிர்வாகம் கட்டும். உங்களோடு எளிமையாகப் பேசும் கிளை எதுவோ அதில் சேருங்கள். இந்தியாவிலிருந்து வாங்கி வந்த பயணக் காப்பீட்டோடு காலம் ஓட்ட நினைக்காதீர்கள்.

வங்கிக் கணக்கு. ஷ்பார்காஸே, ஃபோல்க்ஸ்பாங்க் போன்றவற்றில் பயிலுநருக்குப் பெரும்பாலும் கட்டணமில்லாக் கணக்கு கிடைக்கும். நேரில் போய்ப் பேசக் கிளை இருக்கும் வங்கியையே முதலில் எடுக்கச் சொல்வேன். செல்பேசி வங்கி வசதிதான், ஆனால் கணக்கு முடங்கினால் யாரிடம் போய் நிற்பது? செல்பேசிக்கு ஆல்டி டாக், லிடில் கனெக்ட் போன்ற ப்ரீபெய்டு போதும். 24 மாத ஒப்பந்தத்தில் புது ஐபோன் தருகிறேன் என்று கடைக்காரர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

கடைசியாக, அவசரமில்லை போலத் தோன்றி ஆளைக் கவிழ்ப்பது தங்கும் அனுமதி. நீங்கள் வந்தது விசாவில். அது முடியும் முன் ஆஸ்லெண்டர்பெஹோர்டே எனப்படும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஆஸ்பில்டுங்குக்கான அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகும் நகரங்கள் உண்டு. அன்மெல்டுங் முடிந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள். அட்டை வருவதற்குள் விசா முடிகிறதென்றால் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலத் தாள் கேளுங்கள். நேரத்தோடு விண்ணப்பித்திருந்தால் பழைய உரிமை தொடரும்.

படி 3: வீடும் மாதக் கணக்கும்

அரசு ஊதிய ஒப்பந்தத்தைப் பின்பற்றும் மருத்துவமனை என்றால் செவிலியர் பயிற்சியின் முதல் வருடத்தில் மாதம் 1,400 யூரோவுக்கு மேல் எழுதுவார்கள். சமூகக் காப்பீடெல்லாம் போகக் கைக்கு வருவது 1,100க்கு மேல். வேறு பல தொழில்களில் இவ்வளவு கிடையாது. 2026இல் பயிற்சி தொடங்குபவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச உதவித்தொகை முதல் வருடம் 724 யூரோ. அந்தத் தொகையில் மியூனிக்கில் ஓர் அறைகூடக் கிடைக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஊரின் பெயரைப் பாருங்கள். சிறு நகரம் என்று முகம் சுளிக்காதீர்கள். வாடகை பாதி, அலுவலக வரிசை கால்வாசி, ஜெர்மன் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் இரண்டு மடங்கு. மூன்றும் உங்களுக்கு நல்லதுதான்.

நிர்வாகம் விடுதி தந்தால் முதல் வருடம் யோசிக்காமல் அங்கேயே இருங்கள். வெளியில் தேடுவதென்றால் வேகே எனப்படும் பகிர்வு வீடுதான் கட்டுப்படியாகும். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருப்பது வெறும் வாடகை. தண்ணீர், வெப்பம், குப்பை எல்லாம் சேர்ந்த வார்ம்மீட்டேதான் உங்கள் உண்மையான செலவு. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. வேறு மாதிரி இருக்க வாய்ப்பே இல்லை.

மாதாமாதம் பணம் போகும் சில வழிகள்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமான ருண்ட்ஃபுங்க்பைட்ராக் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், பகிர்வு வீட்டில் பங்குபோடலாம். கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், அபராதத்தோடு திரும்பி வரும். உள்ளூர் ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட்டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. சில மாநிலங்களில் பயிலுநருக்குக் குறைந்த விலையில் தனிச் சீட்டு உண்டு, பள்ளியில் விசாரியுங்கள். அப்புறம் ஹாஃப்ட்ஃப்ளிக்ட் எனப்படும் பொறுப்புக் காப்பீடு. மாதம் சில யூரோதான். நீங்கள் தெரியாமல் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அது கட்டும். விடுதிச் சாவியைத் தொலைத்து முழுக் கட்டடத்துக்கும் பூட்டு மாற்ற வேண்டிவந்தால் ஆயிரக்கணக்கில் போகும். சாவித் தொலைப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவதை முதல் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். வீட்டில் கடன் இருப்பது தெரியும். ஆனாலும் குளிருக்கான சட்டை, முன்பணத் தவணை, எதிர்பாராத ரயில் செலவு எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான் வந்து விழும். இதைக் கிளம்பும் முன்பே அப்பாவிடம் பேசிவைத்துவிடுவது உத்தமம்.

படி 4: வார்டுக்குள்

இனி இருப்பதிலேயே கனமான பகுதி. காகிதம் எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். ப்ரோபெட்சைட்டில் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் அதிர்ச்சி வேலையின் தன்மை. நம் ஊர் மருத்துவமனையில் நோயாளியோடு ஓர் உறவினர் தங்கியிருப்பார்; குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது எல்லாம் அவர் பொறுப்பு. ஜெர்மனியில் அந்த ஆள் கிடையாது. அதெல்லாம் செவிலியரின் வேலை, அதிலும் புதிதாக வந்த பயிலுநரின் வேலை. பதினெட்டு, பத்தொன்பது வயதில், 85 வயதுத் தாத்தாவை முழு உடலும் துடைத்துவிட வேண்டியிருக்கும். கூச்சம் வருவது இயல்பு. சில வாரத்தில் போய்விடும், போகாவிட்டால் இந்தத் தொழில் வேண்டுமா என்று யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. கதவைச் சாத்துவது, துடைக்காத பகுதியைத் துண்டால் மூடிவைப்பது, செய்வதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்வது ஆகிய மூன்றையும் கவனித்துப் பழகுங்கள். உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அதிலிருந்துதான் உருவாகும்.

இரண்டாவது, மொழி. நீங்கள் பி2 பாஸ் செய்தது தெளிவாகப் பேசும் ஒலிப்பதிவைக் கேட்டு. வார்டில் இருப்பவரோ பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பவேரிய வழக்கில் முணுமுணுக்கும் பாட்டி. அவர் சொல்வது பக்கத்து மாநிலத்து ஜெர்மானியருக்கே சில நேரம் புரியாது, அதனால் மனம் தளர வேண்டாம். ஷிப்டு மாறும்போது நடக்கும் யூபர்காபே, அதாவது பணி ஒப்படைப்பு, இன்னும் கஷ்டம். இருபது நோயாளிகளைப் பற்றிச் சுருக்கெழுத்தில் பேசுவது போல ஓடும். இரத்த அழுத்தத்தை எர்எர் என்பார்கள், இரத்தச் சர்க்கரையை பேட்செட் என்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். நாளுக்கு ஐந்தாறு சொல் போதும், அன்று மாலையே யாரிடமாவது அர்த்தம் கேளுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள், தகவல் பாதுகாப்பில் ஜெர்மானியர்கள் மிகக் கறார்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு: பெரியவர் ஏதாவது சொன்னால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவது. மரியாதைக்காகச் செய்கிறோம். அங்கே "யா, யா" என்று தலையாட்டிவிட்டுப் போய் வேறு எதையோ செய்தால், அதற்கு அவர்கள் வைக்கும் பெயர் நம்பகமில்லாதவர் என்பது. மருந்து விஷயத்தில் அது ஆபத்தும்கூட. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். இன்னும் நல்லது, கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "ஆறாம் நம்பர் அறையில் இருப்பவருக்கு எர்எர் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து சொல்ல வேண்டும், சரியா?" ஒரே நாளில் நான்கு முறை கேட்டாலும் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஒருமுறை கேட்காமல் செய்து தவறானால் ஆறு மாதமும் அதையே பேசுவார்கள். பயிலுநருக்குக் கற்றுத்தராத ஒன்றைத் தனியாகச் செய்யச் சொன்னால் "இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, கூட வாருங்கள்" என்று மறுப்பதும் திமிரில் சேராது, எதிர்பார்க்கப்படும் நடத்தை அது.

உங்கள் உரிமையையும் தெரிந்து வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நடைமுறைப் பயிற்சி நேரத்தில் குறைந்தது 10 விழுக்காட்டை ப்ராக்ஸிஸ்அன்லைட்டர் எனப்படும் பயிற்றுநர் திட்டமிட்டு உங்களோடு செலவிட வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாக்குறையில் இது காணாமல் போகும். நடந்த தேதிகளைக் குறித்துவைத்து, நடக்காவிட்டால் பள்ளியில் தன்மையாகச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் போன் செய்து "வர முடியுமா?" என்று கேட்பார்கள். எப்போதாவது போவது நல்லுறவுக்கு நல்லது, எப்போதும் போக வேண்டியதில்லை. "இன்று முடியாது" என்றால் போதும், காரணம் அடுக்க வேண்டாம்.

நேரம் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். காலை ஷிப்டு 6 மணி என்றால் 6 மணிக்குச் சீருடையோடு யூபர்காபேயில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரயில் தாமதம் என்பது அங்கே அன்றாடம், அதனால் ஒரு ரயில் முன்னதாகப் பிடியுங்கள்.

உடம்பு சரியில்லையா, ஷிப்டு தொடங்கும் முன்பே வார்டுக்குப் போன் செய்யுங்கள். பள்ளி நாள் என்றால் பள்ளிக்கும். வாட்ஸ்அப்பில் நண்பரிடம் சொல்லிவிடச் சொல்வது கணக்கில் வராது. மருத்துவச் சான்று பொதுவாக நான்காம் நாளுக்குள் வேண்டும், ஆனால் முதல் நாளிலிருந்தே கேட்கும் நிர்வாகங்கள் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். விடுப்புக் கணக்கில் ஓர் எச்சரிக்கை: செவிலியர் பயிற்சியில் வகுப்பிலும் நடைமுறையிலும் தனித்தனியாக 10 விழுக்காட்டுக்கு மேல் வராமல் போனால் பயிற்சியை நீட்டிக்க வேண்டிவரலாம். வகுப்பு நடக்கும் வாரங்களில் ஆண்டு விடுப்பும் கிடைக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆசையிருந்தால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விடுப்புத் திட்டத்தில் பெயரைப் போட வேண்டும்.

இன்னொன்று. சேர்ந்த சில வாரத்தில் உங்கள் செலவில் வார்டுக்குச் சின்னதாக ஒரு காலை உணவோ கேக்கோ வைப்பது அங்கே வழக்கம். பிறந்தநாள் என்றாலும் கேக் கொண்டுவருவது பிறந்தநாள்காரர்தான். மசால் வடை கொண்டுபோய்ப் பாருங்கள், காரம் குறைத்து. பேச்சு வராதவருக்கும் அன்று பேச்சு வரும்.

படி 5: படிப்பில் பின்தங்கினால்

வகுப்பில் சட்டமும் உடற்கூறும் ஜெர்மனில் கேட்பது முதல் மாதம் சுவரோடு பேசுவது மாதிரிதான் இருக்கும். உதவி நிறைய இருக்கிறது, கேட்டால்தான் வரும். வேலைவாய்ப்பு அலுவலகமான அகென்டூர் ஃபியூர் ஆர்பைட் வழியாக ஆஸாஃப்ளெக்ஸ் என்ற இலவசத் துணைப்பாட வகுப்பு கிடைக்கும். பயிலுநருக்கென்றே தொழில்சார் மொழி வகுப்புகளும் உண்டு. ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் தன்னார்வமாக ஒரு பயிலுநருக்குத் துணையாக நிற்கும் வேரா என்ற திட்டம் எனக்கு மிகப் பிடித்தது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஓர் ஜெர்மன் தாத்தாவோ பாட்டியோ கிடைப்பதற்கு ஈடான மொழி வகுப்பு எதுவும் இல்லை. 27 வயதுக்கு உட்பட்டவர்கள் யூகெண்ட்மிக்ரட்ஸியோன்ஸ்டீன்ஸ்ட் என்ற இளைஞர் ஆலோசனை மையத்துக்குப் போகலாம். அலுவலகக் கடிதத்தைப் படித்து விளக்குவதிலிருந்து பணியிடச் சிக்கல்வரை இலவசமாக உதவுவார்கள். சம்பளம், வேலை நேரத்தில் அநியாயம் நடந்தால் வெளிநாட்டவருக்கான ஃபேர் இன்டெக்ராட்ஸியோன் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன.

மோசமான நிலையையும் பார்த்துவிடுவோம். உங்கள் தவறில்லாமல் ஒப்பந்தம் முறிந்தால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதில்லை. வேறு பயிற்சியிடம் தேட 6 மாதம் வரை வாய்ப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்துவிட்டு, அன்றே தேட ஆரம்பியுங்கள். செவிலியர் பள்ளிகள் ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர் என்று வருடத்தில் பலமுறை சேர்க்கை நடத்துகின்றன.

படி 6: வீட்டிலும் தெருவிலும்

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கிவிடுங்கள், மறந்தால் ரயில் நிலையக் கடைதான் கதி, விலையும் அதற்கேற்ப. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கவே அப்படித்தான், மிக்ஸியில் சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடும். குப்பையைப் பிரிப்பது பரிட்சை மாதிரி: நீலத் தொட்டியில் தாள், மஞ்சளில் பொதிகட்டும் பிளாஸ்டிக்கும் தகரமும், பழுப்பில் காய்கறித் தோல், மிச்சம் கறுப்பில். கண்ணாடிப் புட்டிக்குத் தெருமுனையில் தனிப் பெட்டி. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு, கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

குளிர்காலத்தில் சன்னலைத் திறக்கச் சொல்வார்கள். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும், ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூட வேண்டும். நாம் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து ஏற்றும் ஈரத்துக்குச் சுவரில் பூஞ்சை பிடித்தால், முன்பணத்தில் கைவைப்பார்கள். ஹீட்டரில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5இல் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் ஆண்டுக் கடைசியில் பில் வரும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பாஸ்மதியும் மைசூர்ப் பருப்பும் தேங்காய்ப்பாலும் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே உண்டு. இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய்க்குத் தமிழ்க் கடை வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை 1980களிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்கள் நடத்துபவை. கறிவேப்பிலை வாங்கப் போனால் அரை மணி நேரம் தமிழும் பேசிவிட்டு வரலாம். எந்த டாக்டர், எந்த ஓட்டுநர் பள்ளி, எந்த அலுவலகத்தில் எப்போது கூட்டம் குறைவு என்பதெல்லாம் அந்த அக்கா, அண்ணன்மாருக்கு முப்பது வருட அனுபவத்தில் அத்துப்படி. ஹாம் நகரின் யூன்ட்ராப்பில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையில் தேர்த் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்து தமிழர்கள் கூடுவார்கள். ஷிப்டு அமைந்தால் ஒருமுறை போய்வாருங்கள். மாவு புளிக்காத குளிர்காலத்துக்கு வழி: பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் இரவு முழுக்கப் போட்டுவிடுங்கள்.

தனிமை நவம்பரில்தான் வரும். செப்டம்பரில் எல்லாமே புதிதாக இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறி, இந்தியாவோடு உள்ள வித்தியாசம் 3.30லிருந்து 4.30 மணி நேரமாகும். மாலை ஐந்துக்கு இருட்டிவிடும். பின்ஷிப்டு முடிந்து அறைக்கு வரும்போது ஊரில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். அதற்கு முன்பே, செப்டம்பரிலேயே, ஏதாவதொரு ஃபெரைனில் சேர்ந்துவிடுங்கள். சின்ன ஊரிலும் கால்பந்து, வாலிபால், பாட்டு, நீச்சல் என்று சங்கம் இருக்கும், சந்தா குறைவு. ஜெர்மானியர்கள் தெருவில் நட்பாகிவிட மாட்டார்கள், ஆனால் வாராவாரம் ஒரே இடத்தில் ஒரே முகத்தைப் பார்த்தால் மெல்லப் பேசத் தொடங்குவார்கள். ஒரே விடுதியில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள் என்றால் அது பெரிய ஆறுதல், ஆனால் ஜெர்மன் அங்கேயே நின்றுவிடும். வாரத்தில் சில மணி நேரமாவது அந்தச் சமையலறையை விட்டு வெளியே இருங்கள்.

மூன்று எண்கள்: உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112, காவல் 110, இரவிலோ வார இறுதியிலோ டாக்டர் வேண்டும் ஆனால் உயிர் போகிற அவசரமில்லை என்றால் 116117.

ஆறாம் மாதம் முடிந்ததும்

ப்ரோபெட்சைட் தாண்டிவிட்டதா, இனி தள்ளிப்போட்டவற்றை எடுக்கலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும், அதற்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள். வீடுவீடாகப் போகும் செவிலியப் பிரிவில் வேலை தேடும்போது உதவும். பகுதிநேர வேலை பார்க்கலாமா என்று கேட்பீர்கள். 2024 மார்ச்சிலிருந்து பயிலுநர் வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம். ஆனால் முழுநேர ஷிப்டுக்கு மேல் அதற்கு உடம்பு இடம் தராது. நிர்வாகத்துக்குச் சொல்லாமல் செய்யவும் கூடாது.

முதல் ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு காரியம். அனுமதி அட்டை இன்னும் வராமல் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் மட்டும் கையில் இருந்தால், அதில் தங்குரிமைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் எந்த உட்பிரிவில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்காம் உட்பிரிவு என்றால் போய்த் திரும்பி வரலாம். மூன்றாம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப உள்ளே வர முடியாது. வளைகுடா வழியாகப் போகிறீர்கள் என்றால் அந்தத் தாளை விமான நிறுவன ஊழியர் பார்த்திருக்கவே மாட்டார். முன்கூட்டியே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவைத்து, முதலாளியின் ஒப்பந்த நகலையும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.